வருகைப் பதிவேடும் வாரப் பயிற்சித்தாளும்: ஓர் ஒப்பாய்வு

காலை முதல் பாடவேளைக்கு மணி அடித்ததும் நான் முதலில் எடுப்பது சாக்பீஸை இல்லை, வருகைப் பதிவேட்டை. அறுபது பேர் வகுப்பு. பதிவெண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்வேன். "பிரசென்ட் சார்" என்று குரல் வரும். வராத இடத்தில் ஒரு குறி போடுவேன். ஐம்பது நிமிட வகுப்பில் ஐந்து நிமிடம் இதற்கே போய்விடும். பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைச் செய்துவருகிறேன்.

என்னிடம் படித்துவிட்டு மேற்படிப்புக்காக ஜெர்மனி போன மாணவர் ஒருவர் முதல் மாதத்தில் தொலைபேசியில் பேசினார். "சார், இங்க அட்டெண்டன்ஸே எடுக்கிறதில்லை. நான் வந்தேனா வரலையான்னு கேக்க ஆளே கிடையாது" என்றார். அவர் குரலில் அன்று உற்சாகம் இருந்தது. ஆறு மாதம் கழித்து அதே வாக்கியத்தை வேறு குரலில் சொன்னார். அந்தக் குரல்தான் என்னை இந்த ஒப்பீட்டுக்குக் கொண்டுவந்தது.

இங்கே நான் அருகருகே வைத்துப் பார்ப்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளில் உள்ள நடைமுறையையும், ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்ள நடைமுறையையும். இந்த இரண்டையும் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள் 2022-23 குளிர்காலப் பருவத்தில் சீனர்களை முந்தி முதலிடத்துக்கு வந்தார்கள். எண்ணிக்கை 40,000-ஐத் தாண்டியது. அவர்களில் நம் ஊர்ப் பொறியியல் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். ஒரு முறையில் நான்கு ஆண்டு பழகிய பிள்ளைகள் நேர் எதிரான இன்னொரு முறைக்குள் போய் இறங்குகிறார்கள்.

விதி என்ன சொல்கிறது

அண்ணா பல்கலைக்கழக விதிமுறை நூறு சதவீத வருகையை எதிர்பார்த்துத் தொடங்குகிறது. பிறகு நோய், விளையாட்டுப் போட்டி போன்ற தவிர்க்க முடியாத காரணங்களுக்காக 75 சதவீதத்துக்கு இறங்கிவருகிறது. அதற்கும் குறைந்து 65 சதவீதம் வரை இருப்பவர்கள் மருத்துவச் சான்றிதழோ விளையாட்டுச் சான்றிதழோ கொடுத்துத் தேர்வு எழுதலாம். 65-க்குக் கீழே போனவருக்குத் தேர்வு இல்லை. அடுத்த பருவத்துக்குள் நுழையவும் முடியாது. அடுத்த கல்வியாண்டில் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பருவத்தை மறுபடி படிக்க வேண்டும். மாணவர் பேச்சில் இதற்கு 'ரீடூ' என்று பெயர்.

ஒரு பருவத்துக்கு 75 வேலை நாள் என்று வைத்து நாள் கணக்காகப் பார்த்தால் இதன் கூர்மை புரியும். சதவீதத்தை அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்துவதால் 19 நாள் வராதவர் தப்பித்துக்கொள்கிறார். 20-ஆம் நாள் அவரைச் சான்றிதழ் தேடி அலையவைக்கிறது. 27-ஆம் நாள் அவருடைய ஓர் ஆண்டை எடுத்துக்கொள்கிறது. நாட்டின் மற்றத் தொழிற்படிப்புகளிலும் இதே போக்குதான். சட்டப் படிப்புக்கு இந்திய பார் கவுன்சில் 70 சதவீதம் கேட்கிறது. மருத்துவப் படிப்பில் பாடத்துக்கு 75, செய்முறைக்கு 80.

ஜெர்மனியில் நாடு முழுமைக்கும் இப்படி ஒரு எண் கிடையாது. உயர்கல்வி அங்கே மாநிலங்களின் பொறுப்பு. விரிவுரைக்கு வருவதும் வராததும் மாணவரின் விருப்பம் என்பது பொது வழக்கம். பதினைந்து இருபது பேர் உட்கார்ந்து விவாதிக்கும் செமினார் வகுப்புகளில் மட்டும் சில பேராசிரியர்கள் வருகை கேட்பார்கள். அதுவே ஒரு காலத்தில் பெரிய வழக்காயிற்று. மக்கள்தொகையில் பெரிய மாநிலமான வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா 2014-இல் கொண்டுவந்த உயர்கல்விச் சட்டம், வருகையைத் தேர்வுக்கு நிபந்தனையாக வைப்பதையே தடை செய்தது. கள ஆய்வுப் பயணம், மொழி வகுப்பு, ஆய்வகம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. நம் மாணவர்கள் விரும்பிப் போகும் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருப்பது அந்த மாநிலத்தில்தான். ஆட்சி மாறியபின் 2019-இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. முடிவு பல்கலைக்கழகங்களின் கைக்குத் திரும்பியது. இதற்கு நடுவே 2017-இல் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தின் உயர் நிர்வாக நீதிமன்றம், மான்ஹைம் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறை வைத்திருந்த வருகை விதி தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது. எத்தனை முறை வராமல் இருக்கலாம் என்பதை மாணவர் முன்கூட்டியே அறிந்துகொள்ள முடிய வேண்டும் என்பது அங்கே சட்டத்தின் அக்கறையாக இருக்கிறது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழாமல் இல்லை. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கட்டாய வருகை கொண்டுவரப்பட்டபோது 2018-இல் மாணவர்கள் போராடினார்கள். வருகைக் குறைவுக்காகத் தேர்வெழுத விடாத நிலையில் சட்ட மாணவர் ஒருவர் 2016-இல் உயிரை மாய்த்துக்கொண்ட வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது: வருகை குறைந்தது என்பதற்காக எந்தச் சட்ட மாணவரையும் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது. ஒரு சதவீதக் கணக்கு இத்தனை கனமானது என்பதை அந்த வழக்கு நாட்டுக்குச் சொன்னது.

வேர் எங்கே

இந்த இரண்டு வழக்கங்களும் இரண்டு வகைப் பல்கலைக்கழகங்களிலிருந்து பிறந்தவை. 1857-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கின. அவை பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் கொடுத்தன. பாடம் நடந்தது இணைவுக் கல்லூரிகளில். பல்கலைக்கழகம் மாணவரை நேரில் பார்த்ததே இல்லை. அதனால் இவர் எங்களிடம் ஒழுங்காகப் படித்தார் என்று கல்லூரி எழுதிக்கொடுக்கும் சான்று தேவைப்பட்டது. முகம் தெரியாத மாணவருக்கு உத்தரவாதம் சொல்லும் தாளாகத்தான் வருகைக் கணக்கு நம்மிடம் வேர்விட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நமக்கு முன்மாதிரியாக இருந்த லண்டன் பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டே, 1858-இல், மருத்துவம் தவிர மற்றப் பட்டங்களுக்குக் கல்லூரியில் படித்த சான்று வேண்டாம் என்று வாசலைத் திறந்துவிட்டது. நாம் சான்றைப் பிடித்துக்கொண்டோம்.

இன்றும் அண்ணா பல்கலைக்கழகப் பதிவெண்ணைப் பார்த்தால் அந்தப் பழைய உறவு தெரியும். 12 இலக்கம். முதல் நான்கு கல்லூரியின் குறியீடு, அடுத்த இரண்டு சேர்ந்த ஆண்டு, பிறகு மூன்று படிப்புப் பிரிவு, கடைசி மூன்று வரிசை எண். பல்கலைக்கழகத்துக்கு மாணவர் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே நான் ஏற்றும் சதவீதம்தான் அவருடைய உடல்.

ஜெர்மன் மரபு 1810-இல் வகுப்புகளைத் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தோடும் அதை நிறுவ முன்னின்ற வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட்டின் பெயரோடும் சேர்த்துப் பேசப்படுவது. ஆசிரியருக்குக் கற்பிக்கும் சுதந்திரம், மாணவருக்குக் கற்கும் சுதந்திரம் என்ற இரட்டைக் கருத்து அது. எந்தப் பேராசிரியரிடம், எந்த வரிசையில், எந்த ஊரில் கேட்பது என்பதை மாணவர் தேர்ந்தார். ஆனால் அங்கேயும் பதிவே இல்லாமல் இருந்ததில்லை. மாணவர் கையில் படிப்புப் புத்தகம் என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு விரிவுரைக்கும் கட்டணம் கட்டி, பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பேராசிரியரின் கையெழுத்தை அதில் வாங்க வேண்டும். ஒரு வேற்றுமையைச் சொல்லியாக வேண்டும். அந்தப் புத்தகம் மாணவரின் சொத்து. மாணவரே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினார். நம் பதிவேடு ஆசிரியரின் மேசையில் இருக்கிறது. மாணவர் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

பதிவு செய்யும் வழிகள்

நம் கல்லூரிகளில் பதிவேடு பல உருவம் எடுத்துவிட்டது. ஆசிரியரின் லாக் புக் ஒன்று. அதிலிருந்து துறையின் கணக்கு. அதிலிருந்து குறித்த நாளுக்குள் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றும் கணக்கு. நடுவில் விரல்ரேகைக் கருவி, அடையாள அட்டையைத் தட்டும் கருவி, செல்பேசிச் செயலி, முகத்தைப் படம் பிடிக்கும் கேமரா. முதல் பாடவேளைக்கு வராதவரின் வீட்டுக்கு உடனே குறுஞ்செய்தி. போட்டிக்கோ கருத்தரங்கத்துக்கோ போனவர் 'ஆன் டியூட்டி' (ஓ.டி.) படிவத்தில் துறைத்தலைவரின் கையெழுத்து வாங்கி வந்து தன் கணக்கைச் சரிசெய்துகொள்வார்.

ஒவ்வொரு கருவி வந்தபோதும் அதைத் தாண்டும் வழியும் கூடவே வந்தது. குரல் கூப்பிட்ட காலத்தில் பக்கத்து பெஞ்சு நண்பன் ப்ராக்ஸி கொடுத்தான். அட்டை வந்ததும் ஒருவன் நான்கு அட்டையோடு வந்தான். திரையில் கியூஆர் குறியீடு காட்டினால் அதன் படம் விடுதி அறைக்கு வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்கிறது. ஜெர்மன் செமினார்களில் ஒரு தாள் கைமாறிச் சுற்றிவரும். வந்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். வராத தோழிக்கும் சேர்த்துப் போடுகிற பழக்கம் அங்கேயும் உண்டு என்று மாணவர்கள் சொல்கிறார்கள். நட்பின் இந்தக் குணத்தில் இரு நாட்டுக்கும் வேறுபாடு இல்லை. எந்த முறை வந்தாலும் உடல் வந்ததை மட்டுமே அது பதிவு செய்யும். கடைசி பெஞ்சில் தூங்கியவருக்கும் முன்பெஞ்சில் கேள்வி கேட்டவருக்கும் என் பதிவேட்டில் ஒரே குறிதான்.

எதை எண்ணுகிறோம் என்பதற்குப் பின்னால் கல்வி எங்கே நடக்கிறது என்ற நம்பிக்கை இருக்கிறது. எங்கள் பாடத்திட்டத்தில் மூன்று கிரெடிட் தாளில் ஐந்து யூனிட், ஒவ்வொன்றும் ஒன்பது பாடவேளை, கடைசியில் 'மொத்தம் 45 பாடவேளை' என்று அச்சிட்டிருக்கும். கிரெடிட் என்பது வகுப்பறை நேரத்தின் கணக்கு. உயர்கல்வியை நாடுகளிடையே ஒத்திசைக்க 1999-இல் தொடங்கிய போலோன்யா உடன்பாட்டின் வழியில் ஐரோப்பா வேறு கணக்கை எடுத்துக்கொண்டது. ஜெர்மனியில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் மொத்த உழைப்பில் ஏறத்தாழ 30 மணி நேரம். ஆறு கிரெடிட் தாள் 180 மணி நேரம். அதில் வகுப்பில் கழிவது அறுபது மணி நேரம் அளவுதான். மிச்சம் நூலகத்திலும் வீட்டு மேசையிலும். மூன்றில் இரண்டு பங்கு படிப்பு வகுப்புக்கு வெளியே நடக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு வகுப்புக்கு வந்த கணக்கு பெரிதாகத் தோன்றாது.

தேர்வு வாசல்

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஜெர்மன் முறை தளர்வானது என்று நினைத்தால் தவறு. நம்மிடம் வருகை கண்டிப்பு, தேர்வு இளக்கம். தேர்வில் தவறியவருக்கு அரியர் உண்டு. அடுத்த பருவம், அதற்கடுத்த பருவம் என்று படிப்புக்கான உச்ச காலம் முடியும்வரை எழுதிக்கொண்டே இருக்கலாம். ஜெர்மனியில் வருகை இளக்கம், தேர்வு கண்டிப்பு. பெரும்பாலான படிப்புகளில் ஒரு தாளை மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை நாட்டின் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடரவும் வழி இருக்காது. அரியரோடு பழகிய நம் மாணவர்கள் இதைத் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். வகுப்புக்குப் போகாமல் இருந்த சுதந்திரத்தின் விலை அங்கே வசூலாகிறது.

தேர்வுக்கு முன்னால் ஜெர்மனியில் வாசலே கிடையாது என்பதும் சரியில்லை. கணிதம், இயற்பியல், கணினியியல் துறைகளில் ஒவ்வொரு வாரமும் ஒரு பயிற்சித்தாள் வரும். கணக்குகளைப் போட்டுக் கொடுக்க வேண்டும். மூத்த மாணவர்கள் திருத்தி மதிப்பெண் இடுவார்கள். சிறு குழு வகுப்பில் பலகைக்குப் போய் விடையை விளக்கவும் சொல்வார்கள். பருவ முடிவில் அந்தத் தாள்களின் மொத்த மதிப்பெண்ணில் பாதியாவது எடுத்திருந்தால்தான் தேர்வுக்கு அனுமதி என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். ஆக இரு நாட்டிலும் தேர்வு வாசலில் ஓர் எண் நிற்கிறது. இங்கே அது 75. வந்து உட்கார்ந்ததன் சதவீதம். அங்கே அது 50. செய்து கொடுத்ததன் சதவீதம். இந்த ஒப்பீட்டில் நான் கண்ட மையமான வேறுபாடு இதுதான். 'சுதந்திரம்', 'ஒழுக்கம்' என்ற பெரிய சொற்களை வைத்துப் பேசும்போது இது கண்ணில் படுவதில்லை.

கை படாமல் கற்க முடியாத இடத்தில் இரண்டு முறைகளும் ஒன்றாகிவிடுகின்றன. ஆய்வகத்துக்கு வராதவரை இரு நாட்டிலும் விடமாட்டார்கள். ஜெர்மனியில் மருத்துவர் உரிமத்துக்கான விதி, செய்முறைப் பயிற்சிகளில் ஒழுங்காகவும் வெற்றியாகவும் பங்கேற்ற சான்றைக் கேட்கிறது. பல மருத்துவப் புலங்கள் 15 சதவீதத்துக்கு மேல் விடுப்பை ஏற்பதில்லை. அதாவது 85 சதவீத வருகை, நம்முடையதைவிடக் கடுமை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தால்தான் கிடைக்கும் கல்வி எதுவோ, அதற்கு வருகையைக் கேட்கிறார்கள்.

வராதவர் யார்

வகுப்புக்கு வருவது பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வுகள் வேறு விதமாகத்தான் சொல்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து மார்கஸ் கிரெடேயும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் பள்ளி மதிப்பெண்ணையும் விட வகுப்பு வருகைதான் கல்லூரி மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியது. வருகையைக் கட்டாயமாக்குவதால் மட்டும் கிடைக்கும் பயன் சிறியது என்பதும் அதே கட்டுரையின் முடிவு. ஜெர்மனியிலும் கல்வியியலாளர் ரோல்ஃப் ஷுல்மைஸ்டர் 2015-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, வராமல் இருப்பது படிப்பைக் கெடுக்கிறது என்று வாதிட்டார். வருவது நல்லது, கட்டாயம் சிறிதளவே உதவும். இந்த இரண்டையும் சேர்த்தே நாம் யோசிக்க வேண்டும்.

என் பதிவேட்டில் வராத குறிகள் தொடர்ந்து விழும் பெயர்கள் யாருடையவை? இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு முதல் பாடவேளையைத் தவறவிடுகிறவர். கிராமத்திலிருந்து வரும் ஒரே பேருந்தை விட்டவர். அறுவடைக்கு அப்பாவுக்கு ஆள் கிடைக்காமல் ஊரில் நின்றவர். டெங்குவில் படுத்தவர். மாதவிடாய் வலியோடு விடுதியில் கிடப்பவர். இந்தக் கடைசிக் காரணத்தைக் கேரளம் 2023 ஜனவரியில் காதில் வாங்கிக்கொண்டது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு வருகையில் இரண்டு சதவீதம் தளர்வு கொடுக்க, மாநில அரசு அதை மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. 75-க்குப் பதில் 73 போதும் என்றாயிற்று. ஒரு எண்ணுக்குள் ஒரு உடலின் உண்மையைக் கேட்டு எழுதிய மாற்றம் அது. அதை நான் மதிக்கிறேன்.

நம் முறையில் இந்தக் காரணங்களைச் சொல்ல இருக்கும் ஒரே மொழி மருத்துவச் சான்றிதழ். அறுவடைக்குப் போனவரும் காய்ச்சல் என்று எழுதி வாங்கி வருகிறார். உண்மையைச் சொன்னால் ஓர் ஆண்டு போகும், பொய்யைக் கொண்டுவந்தால் தேர்வு எழுதலாம் என்ற நிலையில் பதினெட்டு வயதுப் பிள்ளையை நிறுத்துகிறோம். பதிவேட்டை வைத்திருக்கும் ஆசிரியன் என்ற முறையில் இதில் எனக்கும் பங்கு உண்டு.

ஜெர்மன் முறையின் குறை மறுபக்கத்தில் இருக்கிறது. அங்கே யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. பருவத் தொடக்கத்தில் படிக்கட்டில்கூட ஆள் உட்கார்ந்திருக்கும் அரங்கம், பாதிப் பருவத்தில் காலியாகத் தெரியும். போனவர்கள் எங்கே போனார்கள் என்று விரிவுரையாளருக்குத் தெரியாது. இளநிலைப் படிப்பில் சேர்ந்தவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் பட்டம் வாங்காமல் விலகுகிறார்கள் என்பது அந்த நாட்டில் நெடுநாள் கவலை. என் மாணவர் ஆறு மாதம் கழித்து வேறு குரலில் சொன்னது இதைத்தான். மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். "இங்க அட்டெண்டன்ஸே எடுக்கிறதில்லை சார். நான் வரலைன்னு யாருக்குமே தெரியாது" என்றார். எங்கள் கல்லூரியாக இருந்தால் மூன்றாம் நாள் வீட்டுக்குத் தொலைபேசி போயிருக்கும். அந்த அழைப்பில் மிரட்டலும் கலந்திருக்கும். ஆனாலும் ஒருவர் அழைத்திருப்பார்.

கொள்ள வேண்டியது

இரண்டையும் எடைபோட்டபின் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வருகைப் பதிவேட்டை நாம் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் இவ்வளவு பேர் படிக்கும் மாநிலத்தில், யார் காணாமல் போகிறார் என்று மூன்றாம் நாளே சொல்லும் கருவி அது ஒன்றுதான். அதைத் தேர்வு வாசலிலிருந்து மட்டும் எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் ஜெர்மன் வாரப் பயிற்சித்தாளை வைக்கலாம். எங்கள் 2021 விதிமுறையில் பாடத் தாள்களுக்கு அக மதிப்பீடு 40 மதிப்பெண் இருக்கிறது. அதற்குள் வாராந்தரப் பணிக்கு இடம் கொடுப்பது நடக்காத காரியம் இல்லை. அறுபது தாளை வாரம்தோறும் திருத்துவது ஆசிரியருக்குப் பாரம்தான். ஜெர்மனியில் அதை மூத்த மாணவர்கள் சம்பளத்துக்குச் செய்கிறார்கள். நம் முதுநிலை மாணவர்களுக்கும் அந்த வேலையும் சம்பளமும் உதவும். ஆய்வகத்துக்கு மட்டும் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டபடி வருகைக் கண்டிப்பு இருக்கட்டும்.

விதி மாறும்வரை என் வகுப்பில் நான் ஒன்றைச் செய்துவருகிறேன். தொடர்ந்து மூன்று நாள் வராதவரின் வீட்டுக்குத் தொலைபேசி போவதற்கு முன்னால் அவரையே நான் அழைப்பேன். சதவீதத்தைப் பற்றிப் பேசமாட்டேன். "என்னப்பா, ரெண்டு மூணு நாளா காணோம்?" என்று மட்டும் கேட்பேன். சென்ற பருவத்தில் அப்படிக் கேட்டபோது ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காய்ச்சல் இல்லை சார், அப்பாவுக்கு வேலை போயிடுச்சு" என்றார். அந்த வாக்கியத்தை எழுத என் பதிவேட்டில் கட்டம் இல்லை. அவர் எண்ணுக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் சிறியதாக எழுதிவைத்திருக்கிறேன்.